குங்குமம் எந்தச் சாம்பல்? – வாசகர் கேள்வி பதில்

வண்ணப் படங்களைக் கணினியிலும் செல்பேசியிலும் கறுப்பு வெள்ளையாக மாற்றுவது பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் பெற்றோருக்கு மயிலாப்பூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. அம்மா அரக்குச் சிவப்பில் பச்சைக் கரை போட்ட பட்டுப்புடவை உடுத்தியிருந்தார். படத்தைச் செல்பேசியில் கறுப்பு வெள்ளையாக்கினால் கரையும் புடவையின் உடலும் ஒரே நிறமாகிவிடுகின்றன. சிவப்பு பில்டர் போட்டுப் பார்க்கும்படி உறவினர் ஒருவர் சொன்னார். போட்டால் கரை தெரிகிறது, ஆனால் அம்மாவின் நெற்றிப் பொட்டு மறைந்துவிடுகிறது. நான் செய்த தவறு என்ன?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: தவறு உங்களுடையது அன்று. உங்கள் படத்தில் நடந்தது என்ன என்று விளங்கிவிட்டால், இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு விடை கிடைத்துவிடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வண்ணப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. வழக்கமான படக்கோப்பில் ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்திலோ புள்ளிக்கு ஓர் எண்தான். மூன்றை ஒன்றாக்கும்போது எந்த நிறத்துக்கு எவ்வளவு பங்கு கொடுப்பது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. நம் கண்ணுக்குப் பச்சை மிகப் பிரகாசமாகவும் நீலம் மிக மங்கலாகவும் தெரிவதால், தொலைக்காட்சித் துறையில் வகுத்த பழைய கணக்கு ஒன்று சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என்று பங்கு பிரிக்கிறது. ஒரே தட்டலில் நிறத்தை நீக்கித் தரும் செயலிகள் பலவும் இதையோ இதற்கு நெருங்கிய ஒன்றையோதான் கையாளுகின்றன.

நீங்கள் அனுப்பிய படத்தைத் திறந்து, புள்ளியின் எண்களைக் காட்டும் கருவியால் நான்கைந்து இடங்களைத் தொட்டுப் பார்த்தேன். புடவையின் உடல் ஏறத்தாழ சிவப்பு 180, பச்சை 40, நீலம் 50. கரை சிவப்பு 30, பச்சை 110, நீலம் 60. மேற்சொன்ன கணக்கைப் போட்டால் உடலுக்கு 83, கரைக்கு 80 வருகிறது. இந்த மூன்று எண் வித்தியாசத்தை எந்தக் கண்ணும் பிரித்தறியாது. நேரில் பார்த்தபோது அந்தக் கரை பளிச்சென்று தெரிந்ததற்குக் காரணம் அதன் நிறமே தவிர அதன் வெளிச்சம் அன்று. நிறத்தை எடுத்தவுடன் இரண்டையும் பிரித்துக் காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை.

சிவப்பு பில்டர் என்பது சிவப்பு எண்ணை மட்டும் பெரும்பாலும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடுவது. அப்போது உடல் 180 ஆகவும் கரை 30 ஆகவும் விலகி நிற்பதால் கரை தெரிந்தது. ஆனால் அம்மாவின் நெற்றித் தோல் 170, 120, 90. குங்குமமோ 170, 30, 40. இரண்டிலும் சிவப்பு 170 என்று சமமாக இருக்கிறது. நெற்றியில் பொட்டு இல்லாமல் போனதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை. சுமங்கலிப் பெண்ணின் படத்தில், அதுவும் மணமேடையில் எடுத்த படத்தில், இது சின்னக் குறை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே எதிர்த்திசையில் போக வேண்டும். போட்டோஷாப்பில் நிறப் பங்குகளை மாற்றும் சேனல் மிக்சரைத் திறந்து, மோனோக்ரோம் என்ற கட்டத்தைத் தேர்ந்துகொண்டு, சிவப்புக்கு 10, பச்சைக்கு 90, நீலத்துக்கு 0 என்று வையுங்கள். உடல் 54, கரை 102, தோல் 125, பொட்டு 44, ஜரிகை 160க்குச் சற்று மேல் என்று எல்லாம் தனித்தனியே நின்றுவிடும். அரக்குப் புடவை அதன் கனத்தோடு இருளும், கரை மெல்ல மேலெழும், பொட்டு பொட்டாக இருக்கும். மூன்று பங்கும் கூட்டினால் 100 வரும்படி பார்த்துக்கொண்டால் அப்பாவின் வேட்டியின் வெண்மை கெடாது.

உங்கள் வீட்டில் பாட்டி காலத்து ஸ்டுடியோ படம் ஏதேனும் மாட்டியிருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் பொட்டு கன்னங்கரேலென்று இருந்தால் அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அக்காலத்துக் கண்ணாடித் தகடுகளும் பிலிம்களும் பலவும் சிவப்பு ஒளியை உணராதவை. சிவப்பை அவை இருட்டாகவே கண்டன. பச்சைப் பங்கைக் கூட்டும்போது நீங்கள் அறியாமலேயே அந்தப் பழைய பிலிமின் கண்ணைத்தான் கடன் வாங்குகிறீர்கள்.

கேள்வி: காசிமேட்டில் வலை சீர்செய்யும் மீனவர் ஒருவரை அவருடைய அனுமதியோடு படமெடுத்தேன். வண்ணத்தில் அருமையாக இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் சாம்பலைக் கரைத்து ஊற்றியதுபோல் மந்தமாகிவிட்டது. வண்ணத்தில் நன்றாக இருப்பது இதில் ஏன் எடுபடவில்லை?
– வாசகர், இராயபுரம்

பதில்: நீலப் படகு, பச்சை வலை, ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கூடை ஆகியவைதாம் உங்கள் வண்ணப் படத்தைத் தாங்கி நின்றன. மூன்றும் வெவ்வேறு நிறங்கள், ஆனால் வெளிச்ச அளவில் மூன்றும் அண்ணன் தம்பிகள். முந்தைய பதிலில் சொன்ன பங்கீட்டை இங்கே நிறவாரியாகச் செய்வது எளிது. போட்டோஷாப்பில் 2007இல் வந்த சிஎஸ்3 பதிப்பிலிருந்து பிளாக் அண்ட் ஒயிட் என்ற கருவி இருக்கிறது. அதில் சிவப்பு, மஞ்சள், பச்சை, சயான், நீலம், மஜென்டா என்று ஆறு ஸ்லைடர்கள் உண்டு. லைட்ரூம் என்ற மென்பொருளில் ஆரஞ்சும் ஊதாவும் சேர்ந்து எட்டு. நீலத்தைக் கீழே இழுத்தால் படகு இருளும். அந்த இருட்டின் மேல் வலையும் முகமும் எழுந்து வரும். முதலில் அதைச் செய்யுங்கள்.

அடுத்ததாக, படத்தின் மிக இருண்ட இடம் உண்மையிலேயே கறுப்பாகவும் மிக வெளிச்சமான இடம் வெள்ளையை ஒட்டியும் இருக்கிறதா என்று, வெளிச்ச அளவுகளை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமில் பாருங்கள். உங்கள் படத்தில் வரைபடம் முழுவதும் நடுவிலேயே குவிந்து கிடக்கிறது. லெவல்ஸ் கருவியில் இரு முனைகளையும் உள்ளே இழுத்தாலே பாதி மந்தம் போய்விடும். அதற்காகக் காண்ட்ராஸ்டைக் கண்டபடி ஏற்றி, படகின் அடியில் உள்ள நிழலை மைக்கூடாக்கிவிடாதீர்கள்.

தோலைப் பற்றி ஒரு வார்த்தை. செயலிகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் போர்ட்ரெய்ட் அமைப்புகளில் பல, ஆரஞ்சையும் சிவப்பையும் ஏற்றித் தோலை வெளுப்பாக்கிக் காட்டுகின்றன. வெயிலில் உழைத்த ஒரு கறுத்த முகத்துக்கு அதைச் செய்வது எனக்கு ஒப்பவில்லை. நிற அரசியலை ஒருபுறம் வைத்துவிட்டு, படத்தின் கணக்காகவே பார்த்தாலும் அது நட்டம். தோலில் சிவப்பு எண்தான் பெரியது, ஆனால் சுருக்கங்களும் நரம்புகளும் பச்சையிலேயே தெளிவாகப் பதிகின்றன. ஆரஞ்சைச் சிறிது இறக்கிப் பாருங்கள். நெற்றி மேட்டிலும் தோள்பட்டையிலும் வியர்வை மினுக்கம் வெள்ளிபோல் எழும். அந்த மினுக்கம்தான் உங்கள் படம்.

கடைசியாக, இடம் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டுவதும் குறைப்பதும். இருட்டறைக் காலத்தில் வட்டமாக வெட்டிய அட்டையைக் கம்பி நுனியில் ஒட்டி, படத்தைப் பெரிதாக்கிக் காகிதத்தில் பதிக்கும் என்லார்ஜரின் ஒளிக்குக் குறுக்கே ஆட்டியபடியே நின்றிருப்போம். முகத்தை மூன்று விநாடி மறைத்தால் முகம் வெளுக்கும், ஓரங்களுக்கு ஐந்து விநாடி கூடுதலாகக் கொடுத்தால் ஓரம் கருக்கும். இப்போது டாட்ஜ், பர்ன் என்ற பெயரிலேயே அவை பிரஷ்களாக இருக்கின்றன. வலைக்குள் இருக்கும் கைவிரல்களை அரை ஸ்டாப் ஏற்றி, வலப்பக்கக் கூடையை ஒரு ஸ்டாப் இறக்குங்கள் (ஒரு ஸ்டாப் ஏற்றினால் வெளிச்சம் இருமடங்கு, இறக்கினால் பாதி).

கேள்வி: மெரினா கலங்கரை விளக்கத்தைக் காலையில் எடுத்தேன். வானம் கறுத்து வர வேண்டும் என்று நீலத்தை முழுவதும் கீழே இழுத்தேன். வானம் கறுக்கவும் இல்லை, திட்டுத் திட்டாகவும் கோபுர ஓரத்தில் வெள்ளைக் கோடாகவும் வந்துவிட்டது. ஏன்?
– வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: இரண்டு காரணங்கள், ஒன்று சென்னையுடையது, மற்றது ஜேபெக் என்ற வழக்கமான படக்கோப்பினுடையது. கடலோர ஈரமும் தூசியும் கலந்த நம் வானம் பல நாட்களில் நீலமாக இருப்பதே இல்லை; வெளிறிய பாலில் இரண்டு சொட்டு நீலம் விட்டதுபோல் இருக்கும். ஸ்லைடருக்குப் பிடித்து இழுக்க நிறம் வேண்டும். இல்லாத நீலத்தை எவ்வளவு இழுத்தாலும் வராது. மேலும் ஜேபெக் கோப்பு நிறத்தகவலைப் பெரும்பாலும் வெளிச்சத் தகவலைவிடக் குறைந்த நுணுக்கத்தில், எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகச் சுருக்கி வைக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த அந்தக் கட்டங்களைத்தான் நீங்கள் இழுத்து வெளியே போட்டிருக்கிறீர்கள். கோபுர ஓரத்து வெள்ளைக் கோடும் நிறத்தின் எல்லை கூர்மையாகப் பதியாததால் வந்ததே.

காலையில் கடலுக்கு முதுகைக் காட்டி, சூரியன் உங்களுக்குப் பின்னால் இருக்கும்படி மேற்கே பார்த்து எடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது. கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் ரா கோப்பாக எடுத்தால் ஒரு நிறத்துக்கு 256 படிகளுக்குப் பதிலாக 12 பிட்டில் 4,096, 14 பிட்டில் 16,384 படிகள் கிடைக்கும். வானம் அவ்வளவு எளிதில் உடையாது. அப்போதும் நீலத்தைப் பாதி வரை மட்டும் இறக்கிவிட்டு, மீதியை மேலிருந்து கீழாக மங்கும் கிரேடியன்டால் செய்துகொள்ளுங்கள். இன்னோர் எச்சரிக்கை: அந்தக் கோபுரம் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டது. வானத்தைக் கறுக்க வைக்க உதவும் சிவப்பு பில்டர் அந்தப் பட்டைகளை வெளுக்க வைத்து, மொத்தக் கோபுரத்தையும் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆக்கிவிடும்.

வானத்தோடு இந்த மல்லுக்கட்டு புதிதும் இல்லை. 1858இல் மதுரையையும் தஞ்சையையும் சென்னை மாகாண அரசுக்காகப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் மெழுகிட்ட காகித நெகட்டிவ்களைப் பயன்படுத்தினார். அவை நீல ஒளியை மிகுதியாக வாங்கிக்கொள்ளும் என்பதால் கோபுரத்துக்கு அளவான ஒளியில் வானம் வெற்று வெள்ளையாகிவிடும். மனிதர் அதற்கு என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவ்கள் சிலவற்றில் மேகங்களைக் கையாலேயே தீட்டிவிட்டார். கணினியில் வானத்தைத் திருத்துவது நேர்மையா என்று கேட்டு வரும் கடிதங்களுக்கும் இதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கேமராவிலேயே மோனோக்ரோம் அமைப்பு இருக்கும்போது வண்ணத்தில் எடுத்துப் பிறகு மாற்றுவது இரட்டை வேலை இல்லையா?
– வாசகர், வில்லிவாக்கம்

பதில்: இல்லை. உங்கள் கேமராவில் ஒளியை உணரும் சென்சாருக்கு முன்னால் சிவப்பு, பச்சை, நீலக் கட்டங்களாலான வடிகட்டி ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது; கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் வகுத்து 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. நான்கு கட்டங்களில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஆக, எந்த அமைப்பில் வைத்தாலும் கேமரா முதலில் வண்ணத்தில்தான் பார்க்கிறது. மோனோக்ரோமில் வைத்து ஜேபெக்காகச் சேமித்தால், அது தன் விருப்பப்படி மூன்றை ஒன்றாக்கிவிட்டு மீதியை எறிந்துவிடுகிறது. மயிலாப்பூர் வாசகியின் புடவைக் கரை அப்படி ஒரு தடவை போய்விட்டால் பிறகு எந்த ஸ்லைடரும் அதைத் திருப்பித் தராது.

ஆனால் அந்த அமைப்பு வீணும் அன்று. ராவும் ஜேபெக்கும் சேர்த்துப் பதியும்படி வைத்து, அமைப்பை மோனோக்ரோமில் போட்டுவிட்டால், திரையில் கறுப்பு வெள்ளையாகப் பார்த்து எடுக்கலாம்; ரா கோப்பில் நிறம் பத்திரமாக இருக்கும். நான் தெருவில் எடுக்கும்போது செய்வது இதுவே. பூக்காரம்மாவின் கூடையில் கனகாம்பரம் எரிவதைப் பார்த்து மயங்காமல், கூடையின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்க அது என்னைப் பழக்கியது.

வடிகட்டியே இல்லாத சென்சாருடன் லைக்கா 2012இல் எம் மோனோக்ரோம் என்ற கேமராவைக் கொண்டுவந்தது. கூர்மையும் இருட்டில் துல்லியமும் அதில் அதிகம். ஆனால் பிலிம் காலம்போலவே மஞ்சளோ சிவப்போ கண்ணாடி பில்டரை லென்சின் முன் மாட்டிக்கொண்டு எடுக்க வேண்டும். பங்கீட்டைப் பிறகு மாற்ற வழியில்லை. விலையை விசாரித்துவிட்டு நான் பேசாமல் வந்துவிட்டேன்.

கேள்வி: இலவச மென்பொருள் ஏதேனும் போதுமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: தாராளமாகப் போதும். கணினியில் கிம்ப், அதன் கலர்ஸ் பட்டியலில் மோனோ மிக்சர் இருக்கிறது, மேலே சொன்ன 10, 90, 0 கணக்கை அதில் 0.1, 0.9, 0 என்று போடலாம். செல்பேசியில் ஸ்னாப்சீட், அதன் பிளாக் அண்ட் ஒயிட் கருவியில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீல பில்டர்கள் உண்டு. சாச்சுரேஷனைப் பூஜ்யமாக்கி நிறத்தைக் கொல்வதை மட்டும் தவிருங்கள். கிம்பில் டெசாச்சுரேட்டுக்குள் இருக்கும் லைட்னஸ் என்ற வகை மூன்று எண்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டிப் பாதியாக்குகிறது. அதில் சுத்தச் சிவப்பும் சுத்தப் பச்சையும் சுத்த நீலமும் ஒரே சாம்பலாகிவிடும்.

கேள்வி: திருமண வரவேற்பு மேடையில் ஊதா எல்இடி விளக்குகள். மணமக்களின் முகம் முழுவதும் கத்தரிக்காய் நிறம். இதைக் கறுப்பு வெள்ளையாக்கிக் காப்பாற்றலாமா?
– வாசகர், வளசரவாக்கம்

பதில்: பெரும்பாலும் காப்பாற்றலாம், ஆனால் எந்த நிறத்திலிருந்து எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஊதா விளக்கு சிவப்பும் நீலமும் கலந்தது. ஆகவே உங்கள் படத்தில் அந்த இரண்டு எண்களும் 255ஐத் தொட்டு, முகம் மாவு பூசியதுபோல் விவரமற்றுப் போயிருக்கும். போட்டோஷாப்பின் சேனல்ஸ் பலகையில் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பச்சை மட்டும் இருட்டாகத் தெரியும். ஆனால் மூக்குத்தியும் கண்ணிமையும் கன்னத்தின் வளைவும் அதில்தான் இருக்கும். முழுப் படத்தையும் பச்சையிலிருந்தே எடுத்து, வெளிச்சத்தை ஏற்றிக்கொள்ளுங்கள். மணல் தூவியதுபோல் குருணை தெரியும்; தெரியட்டும், கறுப்பு வெள்ளையில் அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. மஞ்சள் பல்பும் வெள்ளை டியூப்லைட்டும் கலந்த மண்டபங்களிலும் இந்த மாற்றம் கைகொடுக்கும். படம் ஆடிப்போயிருந்தாலோ முகத்தில் போகஸ் இல்லாவிட்டாலோ கறுப்பு வெள்ளை எந்த உதவியும் செய்யாது. உதவும் என்பது பழைய பொய்.

கேள்வி: கபாலீசுவரர் கோவில் ராஜகோபுரத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினேன். சுதைச் சிற்பங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. எந்த ஸ்லைடரை அசைக்க வேண்டும்?
– வாசகர், மந்தைவெளி

பதில்: எதையும் அசைக்காதீர்கள்; அதை வண்ணத்திலேயே விட்டுவிடுங்கள். அந்தச் சிற்பங்களைப் பிரித்துக் காட்டுவதே பூச்சுதான். கறுப்பு வெள்ளையில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், கிழக்கு நோக்கிய அந்தக் கோபுரத்தின் மேல் சூரியன் நேராக விழும் விடியற்காலையை விட்டுவிட்டு, மார்கழியில் பத்தரை மணி வாக்கில் போங்கள். சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் அந்த வேளையில் ஒவ்வொரு உருவத்துக்கும் பக்கவாட்டு நிழல் விழும். நிறம் செய்த வேலையை நிழல் செய்யும்.

கேள்வி: லேபில் கொடுத்து வாங்கிய கறுப்பு வெள்ளைப் பிரதிகள் சில பச்சையாகவும் சில ரோஜா நிறமாகவும் இருக்கின்றன. திரையில் சுத்தமான சாம்பலாக இருந்ததே?
– வாசகர், கோடம்பாக்கம்

பதில்: லேபில் உங்கள் படம் வண்ணக் காகிதத்தில்தான் பதிகிறது. சயான், மஜென்டா, மஞ்சள் என்ற மூன்று சாயங்களும் சரியான அளவில் கூடினால்தான் அதில் சாம்பல் பிறக்கும். ஒன்று இம்மி கூடினாலும் சாயல் வந்துவிடும். வண்ணப் படத்தில் புடவையோ மரமோ அதை மறைத்துவிடும், கறுப்பு வெள்ளையில் ஒளிய இடமில்லை. வண்ண மைகளைக் கலந்து சாம்பலாக்கும் இன்க்ஜெட்டிலும் இதே கதைதான். டியூப்லைட்டில் ஒரு சாயலும் வெயிலில் வேறு சாயலும் காட்டும் பிரதிகளும் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் என் கண்காட்சிக்கு அச்சிட்ட பிரதிகளைக் கடையின் விளக்கிலேயே பார்த்துத் திருப்தியாக வாங்கி வந்துவிட்டேன். காலையில் ஜன்னலோரம் வைத்தபோது பன்னிரண்டில் ஏழு படங்கள் பாசி பிடித்திருந்தன. பிழை என்னுடையது, வெளியே கொண்டுபோய்ப் பார்த்திருக்க வேண்டும்.

கறுப்புடன் இரண்டு மூன்று சாம்பல் மைகளும் கொண்ட பிரின்டர் வைத்திருக்கும் இடமாகக் கேட்டுப் போங்கள். மேட் காகிதம் மென்மையாக இருக்கும், ஆனால் பளபளப்புக் காகிதத்தின் ஆழ்ந்த கறுப்பு அதில் வராது. சாதாரண லேப்தான் வசதி என்றால், படத்துக்கு நீங்களே மெல்லிய பழுப்புச் சாயல் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். தானாக வரும் பச்சையைவிட நாம் கொடுத்த பழுப்பு கண்ணை உறுத்தாது. திரையின் பிரகாசத்தைப் பாதிக்குக் குறைத்து வைத்துத் திருத்தினால் பிரதி இருண்டுபோகும் தொல்லையும் குறையும். பெரிய அளவுக்குப் பணம் கட்டும் முன், முகமும் மிக இருண்ட நிழலும் சேர்ந்து வரும் ஒரு பகுதியை மட்டும் நாலுக்கு ஆறில் அச்சிட்டு வாங்கி, கடை வாசலில் நின்று வெயிலில் பாருங்கள்.